வலது கால் மட்டும்

மைத்துனனின் காலைப் பார்த்ததும் சபை மூப்பருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன மாப்ளே இது? காலா, கரிச்சட்டியா?"

"கடையிலேர்ந்து நேரா வர்றேன் அத்தான். ஒரு கார் இன்ஜினை இறக்க வேண்டியதாப் போச்சு" என்று பல்லைக் காட்டினான் மெக்கானிக். முழங்கால் வரைக்கும் கிரீஸ்.

ஆராதனை தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, வருஷத்துக்கு ஒருமுறை போதகர் சபையில் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவிவிடுவார். ஆளுக்கு ஒரு கால். ஆட்களைப் பொறுக்கி எடுப்பது மூப்பரின் பொறுப்பு. முதல் நாளே எல்லாருக்கும் உத்தரவு போய்விடும். நகம் வெட்ட வேண்டும், சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும், பவுடர் போட வேண்டும். போதகர் முகம் சுளித்துவிடக் கூடாது பாருங்கள்!

"காலைக் கழுவிட்டு வான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"கழுவி விடறதுக்குத்தானே கூப்பிட்டீங்க? நானே கழுவிட்டு வந்துட்டா இங்க என்னத்தைக் கழுவுவாங்க?"

மூப்பருக்குச் சுள்ளென்று ஏறியது.

"முதல்ல கீழ்ப்படியக் கத்துக்கோ. சொன்னதைக் கேட்டு, நீதியா நடக்கிறவனுக்குத்தான் ரட்சிப்பு. கண்டபடி வந்து நிக்கிறவனுக்கு இல்ல. கிளம்பு, கிளம்பு."

மனைவி அவரை ஓரமாக இழுத்தாள்.

"என்னங்க, எத்தனையோ வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் உள்ளே வந்திருக்கான். கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டு வந்தேன். இப்ப விரட்டினீங்கன்னா இனி இந்த வாசப்படியே மிதிக்க மாட்டான்."

"அதுக்காக..."

"என் தம்பிங்க." அவள் கண் கலங்கிவிட்டது.

மூப்பர் மைத்துனன் பக்கம் திரும்பினார்.

"பதினோராவது நாற்காலியில உட்காரு. காலை உள்ளே இழுத்து வச்சுக்கோ" என்று பல்லைக் கடித்தார்.

கடைசி நாற்காலி எப்போதும் அவருடையது. உட்கார்ந்து வலது காலின் ஷூவையும் சாக்ஸையும் கழற்றினார். எல்லா வருஷமும் வலது கால்தான். இடது சாக்ஸ் ஆலயத்துக்குள் கழன்றதாகச் சரித்திரமே இல்லை.

பாட்டு ஆரம்பித்தது. போதகர் மண்டி போட்டுத் தண்ணீர் ஊற்றினார், துண்டால் ஒற்றினார், அடுத்த ஆளுக்குப் போனார். பத்துப் பேர் மளமளவென்று முடிந்தார்கள். துண்டு வெள்ளையாகவே இருந்தது.

பதினோராவது காலில் தண்ணீர் விழுந்தது. கிரீஸ் அசையவில்லை.

மூப்பர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சோப்பு இருக்கா?" என்றார் போதகர்.

வெள்ளிக் கூஜா இருந்தது, பன்னீர் இருந்தது, மடித்து வைத்த துண்டுகள் இருந்தன. சோப்பு வேண்டியிருக்கும் என்று இதுவரை யாருக்குமே தோன்றியதில்லை. யாரோ ஓடிப்போய்ப் பின்பக்கக் குழாயடியிலிருந்து பாதி தேய்ந்த சோப்புத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார்கள்.

போதகர் சட்டைக் கையை மடித்துவிட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்தார். பாட்டு முடிந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.

"கூசுது பாஸ்டர்!" என்று நெளிந்தான் மெக்கானிக். சபையே சிரித்தது. போதகரும் சிரித்தார், ஆனால் தேய்ப்பதை நிறுத்தவில்லை. குனிந்திருந்த அந்த நரைத்த தலையைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு என்னவோ செய்தது.

"போதும் பாஸ்டர். நானே கழுவிக்கிறேன்."

"சும்மா இருப்பா. இது என் வேலை."

கறுத்த தண்ணீரை மாற்றிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க மூப்பரிடம் வந்தார் போதகர்.

"மூப்பரே, இத்தனை வருஷமா நான் எல்லார் காலையும் நனைச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கேன். இன்னிக்குத்தான் கழுவினேன்" என்றார் மெதுவாக.

மூப்பர், நீட்டியிருந்த தன் வலது காலைப் பார்த்தார். பவுடர் பூசி, பளபளவென்று இருந்தது.

அதை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு குனிந்து, இடது ஷூவையும் சாக்ஸையும் கழற்றினார். கறுத்துச் சொத்தையான நகங்களும் பாளம் பாளமாக வெடித்த குதிகாலும் வெளியே வந்தன. வெட்கத்தில் அவருக்குத் தலை நிமிரவில்லை.

மைத்துனன் பார்த்தான். சிரிக்கவில்லை. சோப்பை எடுத்துப் போதகரிடம் நீட்டினான்.

"அத்தானுக்கும் போடுங்க பாஸ்டர். இன்னும் மிச்சமிருக்கு."