எட்டாயிரம் முக்கோணம்

“பிறிஜெற் அன்ரி, ஒங்கள எட்டாயிரம் முக்கோணமா வெட்டியிரிக்கேன். கோவிக்க வாணாம்” என்றான் முர்ஷித்.

கொழும்பு கொட்டாஞ்சேனை மாடிக்குடியிருப்பில் அவனுக்குக் கீழ்வீடு பிறிஜெற். தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து அவனுடைய கொம்பியூட்டரை எட்டிப் பார்த்தாள். மீன்வலையால் செய்ததுபோல் ஒரு குண்டுப் பெண், உடுப்பு அலசும் அலுமினியப் பேசினோடு திரையில் நின்றாள்.

“எனக்கு இடுப்பு இவ்வளவு இல்லை, மகன்.”

“நீங்க தந்த அளவுதான்.”

“பக்கத்து வீட்டு றலியாவை வெட்டினா எத்தினை வரும்?”

“பத்தாயிரம் தாண்டும்.”

பிறிஜெற்றுக்கு மனம் ஆறியது.

முர்ஷித்தின் கலாநிதிப் பட்டம் ஒரு டிஷ் அன்ரனாவில் தொங்கிக்கொண்டிருந்தது. மின்காந்த அலை டிஷ்ஷில் பட்டு எந்தப் பக்கம் எவ்வளவு சிதறும் என்று கணக்குப் போடுவதுதான் அவன் ஆராய்ச்சி. டிஷ்ஷின் பரப்பைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓடும் மின்னோட்டத்தைக் கண்டுபிடித்துக் கூட்ட வேண்டும். பிறகு மொட்டைமாடியில் நிஜ டிஷ்ஷை வைத்து அளக்க வேண்டும். கணக்குக் கோடும் அளந்த கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் பட்டம். விழாவிட்டால் ஆறு வருடப் படிப்பு அம்போ.

விழவில்லை. அளந்த கோட்டில், கணக்கில் இல்லாத ஒரு மேடு இருந்தது. “மேடு ஏன் வந்ததென்று தெரியாமல் திங்கட்கிழமை என் முன்னால் வராதே” என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

அளந்தது போன போயா நாள், பௌர்ணமி விடுமுறைக் காலையில். கருவியைத் தன்பாட்டில் ஓடவிட்டு இவன் கலியாண வீட்டில் புரியாணி சாப்பிடப் போயிருந்தான். அந்த வயிற்றெரிச்சல் வேறு. தண்ணீர்த் தாங்கி, தகரக் கூரை, கொடிக்கம்பி என்று மேலே இருந்த எல்லாவற்றையும் முக்கோணமாக வெட்டிக் கணக்கில் சேர்த்துப் பார்த்தான். மேடு மசியவில்லை. யாரோ ஓர் ஆள் அங்கே நின்றிருக்க வேண்டும்.

வீடு வீடாகக் கேட்டான். மொட்டைமாடியில் துணி காயப்போடக் கூடாது என்று குடியிருப்புச் சங்கம் அறிவித்தல் ஒட்டியிருந்ததால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இருபத்தொன்பது வயது ஆண்பிள்ளை படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். கடைசியில் பிறிஜெற்தான், “ஓம் மகன், நான்தான் நிண்டனான். உடுப்புப் பேசினோட” என்று ஒப்புக்கொண்டாள்.

“எந்தப் பக்கம் பாத்து நின்டீங்க அன்ரி?” இப்போது முர்ஷித் கேட்டான்.

“எந்தப் பக்கம் எண்டா உனக்கு வசதி?”

“ஹாபர் பக்கம், கப்பல் நிக்கிற பக்கம் எண்டா மேடு சரியா வரும்.”

“அப்ப ஹாபர் பக்கம்தான்.”

“பேசின் எந்தக் கையில?”

“வலது. இல்லாட்டி இடது. எது நல்லம்?”

வயதானால் மறதி வரும்தானே என்று முர்ஷித் இரண்டையும் போட்டுப் பார்த்தான். இடது கையில் மேடு எழும்பியது. அரை அடி நகர்த்தி, பேசினைக் கொஞ்சம் சரித்தான். இரண்டு கோடும் ஒரு மயிரிழை பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன.

முர்ஷித் மறுபடி அழுதான்.

“அல்ஹம்துலில்லாஹ். நன்றியுரையில ஒங்கட பேர்தான் முதல்ல, அன்ரி.”

“முழுப்பேரையும் போடு” என்று சொல்லிவிட்டு பிறிஜெற் படியிறங்கினாள்.

வீட்டில் கணவர் கிளைவ் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

“மேல என்ன சத்தம்?”

“முர்ஷித் டொக்டர் ஆகப்போறான். போயா அண்டு நான் மேல உடுப்புக் காயப்போட்டதாலதான் எல்லாம் சரிவந்தது.”

கிளைவ் கண்ணாடியைக் கழற்றினார்.

“போயாக்கு முதல்நாளே நாங்க ரெண்டு பேரும் தெஹிவளைக்கு மகள் வீட்ட போயிட்டம் எல்லோ?”

“மெதுவாக் கதையுங்கோ” என்று பிறிஜெற் வாசற்கதவைச் சாத்தினாள். “பொடியன் அந்த அழுகை அழேக்க, ஆராவது ஒராள் அங்க நிண்டிருக்கத்தானே வேணும்.”