எவ்வளவு கறுப்பு?

புதுப்பட்டினம் சாலையோரம் ஒரு மீன்காரம்மா நெஞ்சைப் பிடித்தபடி கையை நீட்டினாள். புதுக் காரில் கவிச்சி ஏறிவிடுமே என்று ஜெகதீசன் நிறுத்தாமல் போய்விட்டான். அவள் அங்கேயே செத்துப்போனதாக மறுநாள் கேள்விப்பட்டான். அன்றிலிருந்து கார் எங்கே நின்றாலும், கண்ணாடிக்கு வெளியே அவள் கைநீட்டியபடி நின்றாள்.

செங்கல்பட்டில் காருக்கு ஃபிலிம் ஒட்டும் கடைக்குப் போனான். "இருக்கிறதுலயே கறுப்பா ஒட்டு. வெளிய எதுவும் எனக்குத் தெரியக் கூடாது."

கடைக்காரன் தேவா சிரித்தான். "எல்லாரும் உள்ள கீறது தெரியக் கூடாதும்பாங்க. நீ இன்னா அண்ணாத்த, மாத்திச் சொல்றே? போலீஸ் வேற புடிப்பான்."

அவனைக் காருக்குள் உட்காரவைத்து, ஒவ்வொரு ஃபிலிமாகக் கண்ணாடியில் வைத்துக் காட்டினான். முதல் ஃபிலிமில் எதிர்க்கடை மங்கியது. அடுத்ததில் சாலையே இருண்டது. கடைசி ஃபிலிமில் உச்சி வெயில்கூடத் தெரியவில்லை. அவள் மட்டும் பளிச்சென்று தெரிந்தாள்.

ஜெகதீசன் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தான். "ஏறிக்கோம்மா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

கார் லேசாகத் தாழ்ந்தது. கதவைச் சாத்தினான்.

ஃபிலிமைச் சுருட்டிக்கொண்டே தேவா பின்சீட்டைப் பார்த்தான். "மொதல்ல ஏசியப் போடு அண்ணாத்த. அம்மாவுக்கு எப்டி வேர்க்குது பாரு."