சத்தமில்லாத விசிறிகள்

மச்சான் கடைசித் திருகாணியை முடுக்கிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டான்.

ஒன்றும் கேட்கவில்லை.

"இனிமே ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும் மாமா," என்றான் பெருமையோடு.

மாமா பெட்டியில் காதை வைத்துக் கேட்டுப் பார்த்தார்.

வீட்டிலேயே உட்கார்ந்து கட்டட வரைபடம் போடுகிறவர் அவர். பழைய விசிறி காட்டுக் கத்தலாகக் கத்துமே தவிர, சூடு தணியாது. போன வாரம் பெட்டி கொதித்துப்போய்த் தானாக அணைந்ததில் ஒரு வாடிக்கையாளரின் மாடிப்படி முழுசாகக் காணாமல் போயிற்று. வேறு வழியில்லாமல்தான் மனைவியின் தம்பியைக் கூப்பிட்டார். இப்போது முன்னால் இரண்டு புது விசிறிகள் காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று சூட்டை வெளியே தள்ளியது.

மனைவிதான் காலையிலிருந்தே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்ததை எதற்கு நோண்ட வேண்டும் என்று தம்பியிடம் சண்டைக்குப் போனாள். பிறகு, அவன் தகட்டைக் கழற்றி மாட்டுவதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் கவலையோ வேறு. அடுப்படியிலிருந்து அவள் கூப்பிடும்போதெல்லாம், விசிறிச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று சொல்லியே இத்தனை வருஷத்தை ஒப்பேற்றியிருந்தார். சொட்டுகிற குழாய், பரணில் ஏற்ற வேண்டிய மூட்டை, அவள் அக்கா வீட்டு விசேஷம் எல்லாம் அந்த இரைச்சலிலேயே கரைந்துபோயின. இனி எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்கவில்லை என்பது?

மச்சானை வழியனுப்பக் கிளம்புமுன், விசிறி வந்த அட்டைப்பெட்டியில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இறக்கையில் லேசாக உரசினால் போதும். சைக்கிள் சக்கரத்தில் அட்டை செருகின மாதிரி கேட்கும்.

தெருவில் நின்று ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்துத்தான் மச்சான் வண்டியை எடுத்தான்.

திரும்பி வந்தவர் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

டர்ர்ர்ர்.

மச்சானின் கைராசி இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்கினார். மனசென்னவோ குளிர்ந்துவிட்டது. ஆனாலும் என்ன கோளாறு என்று பார்க்காமல் இருப்புக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றினார்.

முன் விசிறியின் ஓரத்தில், டீத்தூள் பாக்கெட்டிலிருந்து வெட்டின பட்டை ஒன்று டேப் போட்டு ஒட்டியிருந்தது. அவர் கிழித்ததைவிட நேர்த்தியான வேலை.

அந்த நிசப்தத்தில், அடுப்படிக்குள்ளிருந்து அவர் குரலே அவருக்குக் கேட்டது. அதே செருமல், அதே இழுவையோடு மனைவி பேசிக் காட்டிக்கொண்டிருந்தாள். விசிறிச் சத்தத்தில் காதில் விழவில்லையாம். ஸ்பீக்கர் போனில் அவள் அக்கா விழுந்து விழுந்து சிரிப்பதும் கேட்டது.

சட்டென்று பேச்சு நின்றது.

"என்னங்க, அந்தச் சத்தம் எங்க போச்சு?"

குரலில் அப்படி ஒரு பதற்றம்.

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, அவர் ஒரே கூப்பாட்டுக்குப் பதில் சொன்னார்.

"இதோ, சரி பண்ணிட்டேன்."

சட்டைப்பையிலிருந்த துண்டை எடுத்து, அவளுடையதற்குப் பக்கத்திலேயே செருகினார்.