கேட்டவரே வந்து சொல்ல வேண்டும்

கேள்வி கேட்டவரே திரும்பி வந்து, கடைசியில் என்ன ஆயிற்று என்று சொன்னால்தான் தேடுபொறி இப்போதெல்லாம் அந்தப் பக்கத்தைக் காட்டுகிறது. இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல பதிலும் யார் கண்ணிலும் படாது. அதனால் திக்குவாய்க்காரர்களின் இணைய மன்றத்தை நடத்தும் ரெஜினாவுக்குப் பகல் முழுக்க, பழைய கேள்விக்காரர்களைப் போனில் பிடித்து, அவர்கள் சொல்வதை அவர்கள் பெயரிலேயே பதியும் வேலை.

இன்று மதுரை அங்கயற்கண்ணியின் முறை. ஒன்பது வருடத்துக்கு முன் அவள் கேட்டிருந்தாள்: “நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றாங்க. பேசவா, சும்மா இருந்துரவா?” யாரோ பதில் எழுதியிருந்தார்கள்: “பேசுங்க. நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் பொறுக்கிறவரைக் கட்டிக்கோங்க.”

“பே... பேசுனேன்க்கா,” என்றாள் அங்கயற்கண்ணி. “காப்பியக்கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாங்க.”

ரெஜினாவுக்கு என்னவோ போலாகிவிட்டது. “அப்ப ‘தீரவில்லை’ன்னு போட்டுரவாம்மா?”

“ஐயோ, இல்லக்கா! அடுத்து ஒருத்தர் வந்தாரு. இந்தா, பக்கத்துலதான் இருக்காரு. பேரு ப... ப...”

பெயர் வரவில்லை. பக்கத்தில் ஓர் ஆண் மெல்லச் செருமினார். ஆனால் எடுத்துக் கொடுக்கவில்லை. ரெஜினாவும் காத்திருந்தாள். அரை நிமிடம் போயிற்று.

“...பரஞ்சோதி!”

அங்கே இருவரும் சிரிப்பது கேட்டது. ரெஜினா ‘தீர்ந்தது’ என்று குறித்தாள்.