நூல் எழுத்து

வெங்கடலட்சுமி எதையோ முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு தறிக்குழிக்குள் இறங்குவதைக் கங்கம்மாள் அடுப்படியிலிருந்தே பார்த்துவிட்டாள். ஏறி வரும்போது ஓரகத்தியின் கை வெறுமையாக இருந்தது. அதற்கப்புறம் கங்கம்மாளுக்கு உலை கொதிப்பதா கண்ணில் படும்?

வெங்கடலட்சுமி குடத்தோடு குழாயடிக்குப் போனதும், இவள் குழிக்குள் இறங்கித் துழாவினாள். கையில் ஒரு துணி மூட்டை அகப்பட்டது. பிரித்தால், தறியில் கழித்துப்போட்ட டிசைன் அட்டைகள். ஒவ்வொன்றிலும் தடித்த சாய நூலால் ஓர் எழுத்து தைத்திருந்தது. தொடங்கும் இடத்தில் ஒரு சிவப்பு முடிச்சு. அங்கிருந்து விரலை ஓட்டினால் எழுத்து முழுக்க மேடு தட்டியது.

கங்கம்மாள் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. ஆனாலும் இவை பாடப் புத்தகத்தில் இருக்கிற உருவங்கள் என்று தெரிந்தது. நூல் கிடைக்காமல் தறி பாதி நாள் சும்மா கிடக்கிற வருஷத்தில் இந்தப் பவுசு யாருக்கு? வெங்கடலட்சுமியின் மகள் சௌடம்மாளுக்குத்தான். கங்கம்மாளுக்கு வயிறு எரிந்தது.

அந்தச் சௌடம்மாள் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி ஒரு வரியைக் கடப்பதற்குள் கேட்கிறவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். அதே வகுப்பில் படிக்கும் கங்கம்மாளின் மகள் ஜக்கம்மாளோ மடமடவென்று வாசிப்பாள். போன வாரம் காற்றில் விளக்கு அணைந்தபோதுகூட நிறுத்தவில்லை. தீப்பெட்டி தேடி ஏற்றுவதற்குள் பாடத்தையே முடித்துவிட்டாள். தெருவில் அதைக் கேட்காத ஆள் பாக்கியில்லை.

குடத்தோடு வந்தவளை, மூட்டையும் கையுமாக வாசலிலேயே மறித்தாள் கங்கம்மாள்.

"ஏ லட்சுமி, வீட்டு நூலை எடுத்து ஓம் மகளுக்குச் சீராட்டுறியா? எம்மக இந்த வீட்டுப் பிள்ளை இல்லையா?"

பின்னாலேயே பிள்ளைகள் இரண்டும் வந்து நின்றன. வெங்கடலட்சுமி ஜக்கம்மாளை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குடத்தை இறக்கினாள்.

"அது கழிவு நூலுக்கா. நாந்தான் சேத்து வச்சுத் தச்சேன்."

"மக்குப் பிள்ளைக்கு இம்புட்டுப் பாடு. நல்லாப் படிக்கிறவளுக்கு ஒரு பென்சில் வாங்கித் தர ஒனக்கு மனசு வரல."

"தப்புத்தான்க்கா. என்னைய என்ன வேணா சொல்லுங்க. அட்டையக் குடுத்துருங்க, வாக்குக் குடுத்திருக்கேன்."

இவ்வளவு பணிவும் கங்கம்மாளுக்குக் கோபத்தை இன்னும் ஏற்றிவிட்டது. விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனாள். மேலாக இருந்த அட்டையை உருவி அடுப்புக்குள் எறிந்தாள். சிவப்பு முடிச்சு பற்றியது.

ஓடி வந்து அடுப்புக்குள் கையை விட்டது ஜக்கம்மாள். பாதி கருகிய அட்டையை இழுத்துப் பாவாடையில் தேய்த்து அணைத்தாள். சுட்ட விரலைப் பார்க்கக்கூட இல்லை, அட்டையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு தேம்பினாள்.

கங்கம்மாள் பதறி மகள் கையைப் பிடித்தாள். "கிறுக்கச்சி, அவ அட்டைக்கு நீ ஏண்டி கையச் சுட்டுக்கிட்ட? நீ இருட்டுலயே வாசிக்கிறவ. ஒனக்கு எதுக்குடி இது?"

ஜக்கம்மாள் சித்தியைப் பார்த்தாள், அப்புறம் தரையைப் பார்த்தாள்.

"சௌடம்மா வாசிக்கிறதக் கேட்டு அப்படியே சொல்லுவேம்மா. எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது."