மூன்று நல்ல வார்த்தை

ஒரு மாமரத்தில் முசுறு எறும்புகள் ஒன்றுகூடி, இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டின. யார் தையலையும் யாரும் பார்த்துக் குறை சொல்லலாம். ஆனால் போன கோடையில் அப்படிக் குறை சொல்லப்போய் மூண்ட சண்டையில் ஒன்பது எறும்புகள் செத்து விழுந்தன. அதிலிருந்து, மூன்று நல்ல வார்த்தை சொன்ன பிறகே ஒரு குறையைச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டன.

ஒருநாள் மெள்ளன் என்ற எறும்பு, துடியன் தைத்த அடி இலையைப் பார்த்தது. பதினான்கு தையலில் ஐந்து இறுகவே இல்லை. உள்ளே இருநூற்றுப் பத்து முட்டைகள் இருந்தன. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. மெள்ளன் துடியனைக் கூப்பிட்டது.

"தம்பி, தையல் நேரா வந்திருக்கு," என்றது.

துடியன் பூரித்துப்போனது. "எல்லாரும் இங்க வாங்க. அண்ணன் அதிசயமா வாயைத் திறந்து பாராட்டுறாரு. அண்ணே, இன்னொரு தடவை சொல்லுங்க."

கூட்டம் கூடியதும் மெள்ளன் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

"நேரா வந்திருக்கு. நூலும் பளபளன்னு இருக்கு."

மூன்றாவதாகச் சொல்ல அந்தத் தையலில் எதுவும் நன்றாக இல்லை. பொய் சொல்லவும் அதற்கு வராது. இலையை இன்னொரு முறை சுற்றிவந்து தேடியது.

அதற்குள் காற்று வீசியது. அடி இலை பிரிந்து, முட்டைகள் கீழே ஓடிய வாய்க்காலில் கொட்டின. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

வெறுங்கிளையைப் பிடித்துக்கொண்டு துடியன் கேட்டது: "தையல் இறுகலைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அண்ணே?"

"வந்த உடனேயே பார்த்துட்டேன்."

"அப்ப ஏன் சொல்லலை?"

"சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன், தம்பி."