மூன்று புதுத் தட்டுகளும் ஒரு கரகரப்பும்

அமலதாஸின் டிரம்ஸ் செட்டில் சிம்பல் என்று சொல்வார்களே, அந்த வெண்கலத் தட்டு ஒன்று இருந்தது. பழசுதான். ஆனாலும் தன்னைப் போல் காது யாருக்கும் இல்லை என்று அதற்கு ஏகப்பட்ட பெருமை. அதற்கு ஜோடி சேர்க்கத்தான் அமலதாஸ் கடையில் கேட்டு மூன்று புதுத் தட்டுகளைக் கொண்டுவந்திருந்தான்.

முதலாவதைப் பக்கத்து ஸ்டாண்டில் மாட்டி, இரண்டையும் சேர்த்து அடித்தான். ஓசை அடங்கும்போது ‘கிர்ர்’ என்று ஒரு கரகரப்பு.

"ஐயே, இதுக்குத் தொண்டை கட்டியிருக்கு. வேண்டாம்," என்றது பழைய தட்டு.

"கடையில நல்லாத்தானே இருந்தேன் அண்ணே," என்று குழம்பிக்கொண்டே அது பைக்குள் போனது.

இரண்டாவது பளபளவென்று வந்தது. அப்போதும் கிர்ர். மூன்றாவதைச் சேர்த்து அடித்தபோதும் அதே கிர்ர்.

பழைய தட்டுக்குத் தலை சுற்றியது. "மூணுக்கும் ஒரே வியாதியா? இதென்ன கூத்து டிரம்மண்ணே?"

கீழே இருந்த பெரிய டிரம் வாயைத் திறக்கவில்லை. நாளைக்கும் இதோடுதானே கச்சேரிக்குப் போகவேண்டும், எதற்கு வம்பு என்று இருந்துவிட்டது.

அமலதாஸ் மூன்றையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தான். சலிப்போடு உட்கார்ந்து, பழைய தட்டை மட்டும் ஓங்கி அடித்தான்.

கிர்ர்.

பழைய தட்டு திடுக்கிட்டுப் பக்கத்து ஸ்டாண்டைப் பார்த்தது. காலியாக இருந்தது.

"டிரம்மண்ணே," என்றது குரலைத் தாழ்த்தி, "அதுல ஒண்ணு போகாம இங்கேயே எங்கேயோ ஒளிஞ்சிருக்கு. கொஞ்சம் பாருங்களேன்."